கோப்புகள் சரிபார்க்கப்படுகின்றன

நாற்பது வயதைத் தாண்டிய ஆண் கம்ப்யூட்டரில் விளையாடுவதற்கென்று நம் குடும்ப அமைப்பு நேரம் எதையும் ஒதுக்கவில்லை. அவனாகத் தேற்றிக்கொள்ள வேண்டும். பையனின் கணக்கு வீட்டுப்பாடம் முடிந்து, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்து, தெருக்கேட்டைப் பூட்டி, வாட்ஸ்அப்பில் அலுவலகக் குழு அடங்கிய பிறகு ஒரு முக்கால் மணி நேரம் கிடைக்கும். அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் என் கம்ப்யூட்டர் 'கோப்புகள் சரிபார்க்கப்படுகின்றன' என்ற ஒற்றை வரியைக் காட்டி விழுங்கிக்கொண்டிருந்தது.

நான் விளையாடுவது அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குதிரையேறித் திரிகிற விளையாட்டு. குடியிருப்பது தாம்பரம் மேற்கில், முடிச்சூர் சாலையை ஒட்டி. இந்த மேற்கிலிருந்து அந்த மேற்குக்குப் போக விசா வேண்டாம், டிஸ்க்கில் 150 ஜிபி இடம் இருந்தால் போதும் என்றார்கள். வாங்கினேன். குதிரை சேணம் பூட்டிக் காத்திருக்கிறது. நானும் காத்திருக்கிறேன். நடுவில் ஒரு நீலக் கோடு மட்டும் நகர்கிறது. பொறுமை எனக்குப் புதிதல்ல. தீபாவளிக்கு முந்தைய இரவில் பெருங்களத்தூரைக் கடந்தவன் நான். ஆனால் ஜிஎஸ்டி சாலைக்கு ஒரு நியாயம் உண்டு. ஒருமுறை கடந்துவிட்டால், நாளைக்கு மறுபடி முதலிலிருந்து கடந்து காட்டு என்று அது கேட்காது.

இந்தச் சோதனையைச் செய்வது விளையாட்டு அல்ல, அதைத் திறந்துவிடுகிற லாஞ்சர். 2003 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் ஸ்டீமைக் கொண்டுவந்தது. அதைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு லாஞ்சரைத் திறந்துவிட்டன. என்னிடம் இருப்பது எது என்று சொல்லப் போவதில்லை. சொல்லத் தேவையும் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

தொண்ணூறுகளில் இந்தத் தொல்லை கிடையாது. கிழக்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று அப்பாவிடம் பணம் வாங்கிப் போய் நான் விளையாடிய பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, 1989-ல் வந்தது, முழுசாக ஒரு ஃபிளாப்பியில் அடங்கிவிடும். தட்டினால் திறக்கும். அதிலும் ஒரு சோதனை உண்டுதான். முதல் கட்டம் தாண்டியதும் ஓர் அறை நிறையக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. விளையாட்டோடு வந்த கையேட்டைப் பார்த்து, சரியான எழுத்துள்ள குப்பியைக் குடித்தால்தான் மேலே போக முடியும். கையேடு இல்லாதவன் திருட்டு நகல்காரன் என்று கணக்கு. (எங்கள் வகுப்பில் கையேட்டைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. எல்லாக் குப்பியையும் குடித்துப் பார்த்தோம்.) அந்தக் காலத்து விளையாட்டு நம்மைச் சந்தேகப்பட்டது. இந்தக் காலத்து விளையாட்டு தன்னையே சந்தேகப்படுகிறது.

அதன் சந்தேகத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. கோப்பின் அளவும், அது கடைசியாக மாறிய நேரமும் பதிவேட்டோடு பொருந்தினால் லாஞ்சர் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காது. சில விநாடியில் வேலை முடிந்துவிடும். ஏதோ இடிக்கிறது என்று பட்டால்தான் வம்பு. ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாகப் படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட ஆரம்பிக்கும். ஷா-1 என்ற முறையில் அந்த எண் 160 பிட். எழுதினால் 40 எழுத்து வரும். கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் எண் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். துல்லியத்துக்குக் குறையே இல்லை. ஆனால் 150 ஜிபியையும் படித்தாக வேண்டுமே! என் விளையாட்டு இருப்பது சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கில். விநாடிக்கு 120 எம்பி படித்தாலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சேதமான துண்டு ஏதாவது அகப்பட்டால், அதை மறுபடி இறக்குகிற சடங்கு தனி. எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார் ஒரு நண்பர். நோயை விட்டுவிட்டு வேகமாக இருமச் சொல்கிற வைத்தியம்.

முதலில் ஆன்டிவைரஸைச் சந்தேகித்தேன். அந்த ஃபோல்டரைத் தொடாதே என்று விலக்கு கொடுத்தேன். பிறகு அனுமதியைச் சந்தேகித்தேன். 'சரிபார்த்தாகிவிட்டது' என்று எழுதிவைக்க லாஞ்சருக்கு உரிமை இல்லாவிட்டால், மறுநாள் அது மறுபடி சரிபார்க்கத்தானே செய்யும்? அட்மினிஸ்ட்ரேட்டர் பதவியே கொடுத்துப் பார்த்தேன். பதவியை வாங்கிக்கொண்டு பழைய வேலையையே செய்தது. குரோம்பேட்டையில் ஒரு கடைக்குப் போய் விவரம் சொன்னேன். அங்கிருந்த தம்பி நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே, "ஃபார்மட் அடிச்சிரலாம் சார்" என்றார். எனக்கு முன்னால் வந்தவருக்கும் அதைத்தான் சொன்னார். அவர் பிரிண்டர் கொண்டுவந்திருந்தார்.

அக்கா பையன் வண்டலூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன் கொஞ்சம் படித்த சந்தேகங்களோடு வந்தான். "மாமா, கேமை பென்டிரைவ் மாதிரி ஏதாவது ஃபேட் டிஸ்க்குல வெச்சிருக்கீங்களா?" பழைய ஃபேட் முறையில் கோப்பு மாறிய நேரம் இரண்டு விநாடிக்கு ஒரு படியாகத்தான் பதியுமாம். ஒற்றைப்படை விநாடியில் எழுதிய கோப்பு, படிக்கும்போது இரட்டைப்படையில் நிற்கும். கறாரான லாஞ்சராக இருந்தால் இந்த ஒரு விநாடிக்கே பஞ்சாயத்தைக் கூட்டிவிடும். என் டிஸ்க் என்டிஎஃப்எஸ். அது ஒரு விநாடியை ஒரு கோடியாகப் பிரித்து நேரம் எழுதுகிற ஜாதி. "அப்போ மதர்போர்டு பேட்டரி மாமா. பேட்டரி செத்தா கடிகாரம் பின்னாடி போயிரும், தேதியெல்லாம் குழம்பிரும்." சி.ஆர். 2032 என்கிற அந்தப் பொட்டு பேட்டரியைக் கழற்றினோம். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன்; பெயரிலேயே அளவை வைத்திருக்கிறார்கள். அப்பா உள்ளே போய்த் தன் மல்டிமீட்டரை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். மூன்று வோல்ட். "இது உனக்கப்புறமும் இருக்கும்டா" என்றார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாம்பரம் கார் ஷெட்டில் மின்சார ரயில் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். தென்னிந்தியாவில் முதன்முதலாக மின்சார ரயில் ஓடியது கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில், 1931-ல். அந்தப் பரம்பரையில் தானும் ஒரு கண்ணி என்ற நினைப்பு அவருக்கு உண்டு. 2004-ல் மீட்டர் கேஜ் மின்ரயில் ஓய்ந்தபோது, சலவை வேட்டி கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் போய் நின்றவர். என் புலம்பலை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"தினமும் செக் பண்ணித்தானேடா எடுக்கணும்? நேத்து பிரேக் பிடிச்சுது, இன்னைக்கும் பிடிக்கும்னு வண்டியைக் கிளப்பிட்டுப் போயிருவாங்களா?"

"அது ரயில்ப்பா. இது குதிரை."

"குதிரைக்கும் லாடம் பாக்கணும்."

கடைசியில் துப்பு கிடைத்தது விண்டோஸுக்குள்ளேயே. ஈவன்ட் வியூவர் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் தனக்கு நேர்ந்ததை எல்லாம் எழுதிவைக்கிற டைரி. நல்ல மனநிலையில் இருப்பவர்கள் அதைத் திறக்க வேண்டாம். பழுதே இல்லாத கம்ப்யூட்டரிலும் அது நூறு புகார் எழுதியிருக்கும். அதில் 6008 என்ற எண் தென்பட்டால், போன முறை இத்தனை மணிக்கு எதிர்பாராமல் நின்றுபோனேன் என்று பொருள். 41 என்றால், முறையாக மூடாமலே மறுபடி கிளம்பியிருக்கிறேன் என்று பொருள். என் டைரியில் இந்த இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. நின்ற நேரம் ஒரு நாள் 11:31, ஒரு நாள் 11:34, ஒரு நாள் 11:29.

எனக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். நான் படுக்கப் போகும்போது கம்ப்யூட்டரை அணைப்பதில்லை. பகலெல்லாம் மனைவியின் மீட்டிங், பையனின் வகுப்பு என்று இணையத்துக்குப் போட்டி. விளையாட்டின் அப்டேட் இரவில்தான் இறங்க வேண்டும். இறங்கி முடித்ததும் தானாக அணைந்துகொள்ளும்படி சொல்லி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அணைந்திருக்கும். சமர்த்து என்று நினைப்பேன்.

கரன்ட் கட்டாக இருக்குமோ? இருக்காது. கரன்ட் போனால் ஃபேன் நிற்கும். ஃபேன் நின்ற மறு நிமிடம் முடிச்சூர்க் கொசு வந்து எழுப்பிவிடும். தவிர, இத்தனை நேரம் தவறாத மின்தடையை நான் பார்த்ததில்லை.

ஓரிரவு ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். மானிட்டர் தானாக இருண்டுவிட்டிருந்தது. கேபினட்டுக்குள் மட்டும் சிவப்பும் நீலமும் பச்சையும் மாறி மாறி எரிந்தன. பதினொன்றரைக்கு அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். குடித்தார். சொம்பை வைத்தார். திரும்பும் வழியில் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தார். "சீரியல் செட்டு எரியுது, சாமியைத்தான் காணோம்" என்று முணுமுணுத்தபடி சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். டொக்.

அந்த சுவிட்ச் அவர் தோளுயரத்தில் இருந்ததற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிளக் பாயிண்டுகளையெல்லாம் மேலே ஏற்றிவிட்டோம். முன்பு போலத் தரைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால், மூட்டுவலியோடு குனிந்து அணைக்க அவர் யோசித்திருப்பார்.

"என்னப்பா பண்றீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. "நீ தினமும் மறந்துட்டுப் போயிடுறே. நான்தான் அணைக்கிறேன்."

"ஒரு நாள்கூடச் சொல்லலையே?"

"பெத்த புள்ளைக்குச் செய்யறதைச் சொல்லிக் காட்டுவாங்களாடா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அவர் பக்கத்து நியாயமும் வலுவானது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதக் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் வேறு கட்டண வரிசை. தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கிற யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை ஏறிவிடும். அதனால் எங்கள் வீட்டில் 500 என்பது எண் அல்ல, எல்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டரைப் பார்த்து டைரியில் குறிப்பவர். "100 வாட் பத்து மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட். ரெண்டு மாசத்துக்குப் போட்டுப் பாரு" என்றார். போட்டுப் பார்க்காமலே தோற்றேன்.

இருந்தாலும் விளக்கினேன். அப்டேட் இறங்கும்போது எழுத வேண்டியதில் கொஞ்சம் எப்போதும் மெமரியில் நிற்கும், டிஸ்க்குக்குப் போயிருக்காது. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பு அரைகுறையாகிவிடும். இதற்காகவே புரோகிராம் எழுதுபவர்கள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்: வேலையைத் தொடங்கும்போது 'வேலை நடக்கிறது' என்று ஒரு குறி, முறையாக முடித்தால் அந்தக் குறியை அழிப்பது. மறுநாள் திறக்கும்போது குறி அப்படியே இருந்தால், நடுவில் விபத்து என்று பொருள். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் மறுவேலை. விண்டோஸே டிஸ்க்கில் இப்படி ஒரு குறி வைத்திருக்கிறது.

நான் எதிர்பார்க்காத விதமாக அப்பாவின் முகம் மாறியது. ஷெட்டில் ரேக்குக்கு அடியில் ஆள் இறங்கினால் சிவப்புக் கொடி கட்டுவார்கள். கட்டியவன் வந்து அவிழ்க்கும் வரை அந்த ரேக்கை எவனும் நகர்த்தக் கூடாது. ஆயுள் முழுக்க அதை மதித்தவர், மகன் வீட்டில் தினமும் கொடியோடு ரேக்கை நகர்த்தியிருக்கிறார். குற்ற உணர்ச்சி ஒரு நிமிடம்தான். "கொடியை உள்ளுக்குள்ள கட்டினா வெளியில இருக்கிறவனுக்கு எப்படிடா தெரியும்? இது யாரு போட்ட டிசைன்?" என்றார்.

மறுநாள் காலையில் அவரே ஒரு முழம் சிவப்புத் துணி கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து வைத்திருந்தார். அப்டேட் இறங்கும் இரவுகளில் நான் அதை சுவிட்சில் கட்ட வேண்டும். கட்டியிருந்தால் அவர் தொட மாட்டார். காலையில் நான்தான் அவிழ்க்க வேண்டும். மனைவி அவிழ்த்தால் செல்லாது. எதிர்வீட்டு மாமி அதைப் பார்த்துவிட்டு என்ன வேண்டுதல் என்று கேட்டிருக்கிறார். குதிரைக்காக என்று மனைவி சொன்னதில், ஐயனார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாக முடிவு செய்துவிட்டார்.

இப்போது லாஞ்சர் சில விநாடியில் திறந்துகொள்கிறது. நீலக் கோடு வருவதும் தெரிவதில்லை, போவதும் தெரிவதில்லை. எனக்குத் திருப்தி. அப்பாவுக்குத்தான் இல்லை. "இவ்வளவு சீக்கிரத்துல என்னத்தைச் செக் பண்ணியிருக்கும்?" என்று பின்னால் நின்று கேட்கிறார்.

இந்த முறை மின் கணக்கு 508 யூனிட். தண்ணீர் மோட்டாரா, கம்ப்யூட்டரா என்று விசாரணை நடக்கிறது. விசாரணை அதிகாரி அப்பா.