டான்யூப் கரையில் சைக்கிள்: முறையாகச் சொதப்ப ஒரு வழிகாட்டி

லீவு கிடைத்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது. டான்யூப் ஆற்றங்கரையோடு சைக்கிளில் போகப்போகிறீர்கள். வாழ்த்துகள்! ஜெர்மனியின் பஸ்ஸாவ் நகருக்கும் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வழி இது. பெரும்பகுதி கார், லாரி நுழையாத தனிப்பாதை. அந்தக் காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்துப்போன தடம்தான் பல இடங்களில் இன்று சைக்கிள் பாதை. மேடு என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும் ஓட்டுகிறார்கள். இத்தனை சுலபமான பயணத்தைக் கெடுப்பதற்கு உழைப்பு வேண்டும்.

மனம் தளராதீர்கள். பாதையில் போக்குவரத்து இல்லையென்றால் என்ன? ஊரிலிருந்து நாமே கொண்டுபோகலாம். கீழே சொல்கிறபடி செய்யுங்கள்.

1. திசையைத் திருப்புங்கள்.

விவரம் தெரிந்தவர்கள் மேற்கிலிருந்து கிழக்கே, ஆறு போகிற பக்கமே போவார்கள். வியன்னா வருவதற்குள் ஆறு நூறு மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசி முதுகைத் தள்ளிக்கொடுக்கும். ஆகவே நீங்கள் வியன்னாவில் தொடங்குங்கள். எதிர்க்காற்று முகத்தில் அறையும்போது, இதே திசையில் படகு இழுத்த குதிரைகளுக்குக் கொள்ளாவது கிடைத்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2. சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள், பிறகு தண்டியுங்கள்.

சீட்டை நன்றாக இறக்கிவையுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மோவாயை விசாரிக்க வேண்டும். மின்சைக்கிள் எடுக்கிறீர்களா? இன்னும் வசதி. அங்கே மோட்டாரின் உதவி மணிக்கு 25 கிலோமீட்டரோடு நின்றுவிடும். நீங்கள் 26-லேயே போங்கள். மோட்டார், பேட்டரி இரண்டையும் சொந்தக் காலால் சுமந்த பெருமை உங்களுக்கு.

3. எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோங்கள்.

ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பெட்டியை வேனில் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பவே நம்பாதீர்கள். கேரியரில் குக்கரைக் கட்டுங்கள், வெயிட்டை மறக்க வேண்டாம். இடம் போதவில்லையென்றால் காற்றடிக்கும் பம்பையும் மாற்று ட்யூபையும் எடுத்து வெளியே வையுங்கள்.

4. சத்தம் போடுங்கள்.

ஆஸ்திரியாவில் சைக்கிளுக்கு மணி கட்டாயம். சும்மா மாட்டிவைக்கவா சட்டம் போட்டார்கள்? முன்னால் போகிற கிழத்தம்பதி ஒதுங்கும் வரை அடியுங்கள், ஒதுங்கிய பிறகும் அடியுங்கள். நான்கு பேராகப் போனால் நான்கு பேரும் பக்கத்தில் பக்கத்தில் போங்கள். எதிரில் வருகிறவருக்குப் புல்வெளி இருக்கிறது. ஸ்பீக்கரை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்க நிற்பதென்றால் வளைவில், பாதைக்கு நடுவே, ஸ்டாண்டு போட்டு நில்லுங்கள்.

5. வஹாவ் பள்ளத்தாக்கை ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள்.

கிரெம்ஸிலிருந்து மெல்க் வரை சுமார் 36 கிலோமீட்டர். இருபுறமும் மலைச்சரிவு, சரிவெல்லாம் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், இடையிடையே பழைய கிராமங்கள். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. யுனெஸ்கோவுக்கு வேறு வேலை இல்லை, உங்களுக்கு இருக்கிறது. கண்ணை மைல்மானியிலிருந்து எடுக்காதீர்கள்.

டூர்ன்ஸ்டைனில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை, அங்கே நின்றுவிடத் தோன்றும். நீல நிறக் கோயில் கோபுரம் ஆற்றோரத்தில், மேலே பாறை உச்சியில் பாழடைந்த கோட்டை. சிலுவைப்போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192 டிசம்பரில் ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்ட் பிடித்து இங்கேதான் அடைத்துவைத்தார். பிறகு அவரைப் பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைத்தார்கள். பெரும் வெள்ளிப் பணயம் கைமாறி, 1194 பிப்ரவரியில்தான் விடுதலை. மன்னரைத் தேடி வந்த பாடகன் புளோண்டல் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டே போய், உள்ளிருந்து எதிர்ப்பாட்டு கேட்டு இடத்தைக் கண்டுபிடித்தான் என்று பிற்காலத்தில் ஒரு கதையும் கட்டினார்கள். மன்னருக்கு ஒரு குளிர்காலம் தேவைப்பட்ட ஊர். உங்களுக்கு ஆறு நிமிடம் போதும். உல்லாசக் கப்பல்கள் ஆட்களை இறக்கிவிடும் உச்சிவேளையாகப் பார்த்து, அந்தக் குறுகிய கடைவீதிக்குள் சைக்கிளை விட்டு இறங்காமல் நுழையுங்கள். கோட்டைக்கு ஏறித்தான் தீருவேன் என்றால், பெடலில் பூட்டிக்கொள்ளும் இரும்புக்கட்டை வைத்த ஷூவோடு ஏறுங்கள். இறங்குவது தானாக நடக்கும்.

6. தோட்டத்துக்குள் இறங்குங்கள்.

அங்கே சரிவைத் தாங்கி நிற்பது சுண்ணாம்பும் இல்லாத, சிமெண்டும் இல்லாத கற்சுவர்கள். கல் மேல் கல் அடுக்கித் தலைமுறை தலைமுறையாகப் பழுது பார்த்து வருகிறார்கள். செல்ஃபிக்கு ஏற்ற மேடை. இருவராக ஏறி நில்லுங்கள். ஜூலையில் போனால் சர்க்கரை பாதாமி பழுத்துக் கிளை தாழ்ந்திருக்கும். வேலி இல்லையென்றால் இலவசம் என்று பொருள் கொள்ளுங்கள்.

7. தண்ணீருக்குப் பதில்...

வாசலில் இலைக்கொத்து தொங்கினால் அந்தத் தோட்டக்காரர் வீட்டில் அன்று கடை திறந்திருக்கிறது. சொந்தத் தோட்டத்து மதுவை வீட்டிலேயே விற்கலாம் என்று பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784-இல் அனுமதித்ததிலிருந்து நடக்கும் வழக்கம். தோட்டக்காரருடைய மது, அவர் வீட்டு ரொட்டி, குளிர்ந்த பலகாரம், இவ்வளவுதான் கிடைக்கும். நீங்கள் பீர் கேளுங்கள். இல்லையென்றால் சூடாக நூடுல்ஸ் கேளுங்கள். வேண்டாவெறுப்பாக ஒயினுக்கு வந்தால், இங்கே அதை மூன்று தரமாகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள்: லேசானது ஷ்டைன்ஃபெடர், நடுத்தரம் ஃபெடர்ஷ்பீல், கனமானது ஸ்மரக்ட். கடைசியது கற்சுவரில் வெயில் காயும் பச்சைப் பல்லியின் பெயரால் வந்தது. காலை பத்து மணிக்கு அதிலிருந்தே தொடங்குங்கள். ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.8 பங்கு மதுவுக்கு மேல் போனால் சைக்கிள்காரருக்கும் அபராதம் உண்டு. சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாதே என்று போலீஸ்காரரிடம் வாதாடிப் பாருங்கள். ஆஸ்திரியப் போலீசார் பொறுமைசாலிகள், முழுவதும் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள்.

8. கடைசிப் படகைத் தவறவிடுங்கள்.

கிரெம்ஸுக்கும் மெல்குக்கும் நடுவே பாலமே கிடையாது. அக்கரை போகப் படகுதான். ஷ்பிட்ஸிலும் வைஸன்கிர்ஷனிலும் இருப்பவை கம்பிவடத்தில் கட்டிய படகுகள். மோட்டார் இல்லை, ஆற்றின் விசையே தள்ளிக்கொண்டு போகும். அன்றைய ராத்தங்கலை அக்கரையில் பதிவு செய்யுங்கள், நேர அட்டவணையைப் பார்க்காதீர்கள், பொழுது சாய்ந்தபின் துறைக்கு வந்து சேருங்கள். முன்னதாகவே வந்து தொலைத்தால், நடு ஆற்றில் படகோட்டியிடம் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லுங்கள்.

9. வில்லன்டார்ஃபில் கோபப்படுங்கள்.

ஏறக்குறைய 30,000 ஆண்டுப் பழமையான, 11 சென்டிமீட்டர் உயரப் பெண் சிலை இங்கே 1908-இல் கிடைத்தது. அசல் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் கிளம்பி வந்த ஊரில்தான். பார்க்காமல் வந்தீர்கள் அல்லவா? சபாஷ்.

10. மெல்க் மடத்தை வெளியிலிருந்து பாருங்கள்.

1089 முதல் பெனடிக்டின் துறவிகள் இருக்கும் இடம். இன்று குன்றின் மேல் நிற்கும் மஞ்சள் மாளிகை 1702-இல் யாக்கோப் பிராண்டவர் கட்டத் தொடங்கியது. உள்ளே பெரிய நூலகம். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஒரு படம், கிளம்புங்கள்.

11. மௌட்ஹவுசனை வேகமாகக் கடந்துவிடுங்கள்.

ஆற்றோரத்தில் அழகான வீடுகள். மேட்டின் மேல் 1938 முதல் 1945 வரை நாஜிகளின் வதைமுகாம். கருங்கல் குவாரியில் 186 படிகள். கைதிகளைக் கல் சுமந்து ஏறவிட்டார்கள். இந்த முகாமிலும் இதன் கிளைகளிலுமாகக் குறைந்தது 90,000 பேர் செத்தார்கள். போக மேட்டில் ஏற வேண்டும், உங்கள் சராசரி வேகம் குறையும். செயலியும் நேர்வழியைத்தான் காட்டும். அது காட்டுகிறபடி போய்விடுங்கள், உங்களை யாரும் கேட்கப்போவதில்லை. பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள்.

12. ஷ்லோகனில் ஆற்றைத் திட்டுங்கள்.

மலை மறிப்பதால் டான்யூப் இங்கே வந்த திசையிலேயே திரும்பி, பிறகு மறுபடி திரும்பிப் போகிறது. காட்டுக்குள் கொஞ்சம் ஏறினால் வளைவு முழுவதையும் பார்க்கலாம் என்பார்கள். நீங்கள் கீழேயே நின்று, நேராகப் போயிருந்தால் எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று கணக்குப் போடுங்கள். உடன் வந்தவர்களுக்கும் உரக்கச் சொல்லுங்கள்.

13. பஸ்ஸாவ் வந்ததும்

இன், இல்ட்ஸ், டான்யூப் மூன்றும் கூடும் முனையில் பெஞ்சு இருக்கும், உட்காருங்கள். ஒவ்வொரு ஆறும் ஒவ்வொரு நிறம் என்பார்கள். நீங்கள் போனில் வேக வரைபடத்தை ஏற்றிக்கொண்டிருப்பீர்கள், அதனால் தொந்தரவு இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் இதே வியன்னாவுக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான் என்று சொல்லிவையுங்கள். அடுத்ததாக, நீங்கள் வந்த பாதை அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை பத்து நாடுகளைத் தொட்டுப்போகும் யூரோவெலோ 6-இன் ஒரு துண்டுதான் என்பதை வீட்டாருக்குத் தெரிவியுங்கள். முழுவதையும் அடுத்த வருடம் முடித்துவிடலாம். ஒரு வாரம் லீவு போடுங்கள்.