மூன்று பைட் கூடுதல்

1983 டிசம்பர். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் நெட்வொர்க் மக்கர் பண்ண, மைக் மூஸ் என்பவர் ஒரு சாயங்காலத்தில் பிங் என்ற நிரலை எழுதினார். "இருக்கியா?" என்று அது கேட்கும். "இருக்கேன்" என்று எதிர்க்கணினி சொல்லும். பதின்மூன்று வருஷம் உலகமே இப்படிக் குசலம் விசாரித்துக்கொண்டது.

1996இல் எவரோ ஒரு புண்ணியவான் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நீட்டிக் கேட்டார். எதிர்க்கணினி மூர்ச்சையாகி விழுந்தது.

இந்தக் கேள்வி பயணம் செய்வது ஐபி பாக்கெட் என்ற தரவுப் பொட்டலத்தில். அது 65,535 பைட்டைத் தாண்டக்கூடாது என்று 1981லேயே சட்டம் எழுதியாயிற்று. சட்டம் இருக்கிறதே, எவன் மீறப்போகிறான் என்று இயங்குதளத்தின் மையநிரலான கர்னலை எழுதியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். பச்சைப் பிள்ளைகள்! பெரிய பாக்கெட் துண்டு துண்டாகத்தான் வரும். தன் இடம் எதுவென்று ஒவ்வொரு துண்டும் சொல்லிக்கொண்டு வரும். எல்லையோரத்தில் உட்காரும் கடைசித் துண்டு சற்றே குண்டாக இருந்தால் போதும், மொத்தம் வரம்பை மீறிவிடும். கர்னல் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதுவோ ஃபுட்போர்டில் தொங்கியவரையும் உள்ளே இழுத்துப்போட்ட கண்டக்டர் மாதிரி வந்ததையெல்லாம் நினைவகத்தில் திணித்தது. ஒதுக்கிய இடம் தீர்ந்ததும் பக்கத்தில் இருந்த தன் சொந்தத் தரவின் மேலேயே எழுதித் தொலைத்தது.

இதற்கு மகா ஹேக்கர் யாரும் தேவைப்படவில்லை. விண்டோஸ் 95 வாங்கினால் ஆயுதம் பெட்டியிலேயே இலவசம். அதிலிருந்த பிங்கிடம் 65,510 என்று அளவைச் சொன்னால் சரி. அதோடு பிங் பேசும் நெறிமுறையான ஐசிஎம்பியின் ஹெட்டர் 8, ஐபி ஹெட்டர் 20, ஆக 65,538. மூன்றே மூன்று பைட் கூடுதல்! விண்டோஸ், மேக், யூனிக்ஸ், லினக்ஸ் என்று சாதி பார்க்காமல் சாய்த்தது. ரவுட்டரும் விழுந்தது, பிரிண்டர்கூட விழுந்தது, பாவம், அது யாருக்கு என்ன செய்தது? இத்தனைக்கும் கடவுச்சொல் எதையும் யாரும் திருடவில்லை.

சில நிர்வாகிகள் ஃபயர்வாலில் பிங்கை மட்டும் தடுத்துவிட்டு, வந்த காரியம் முடிந்ததென்று காபி குடிக்கப் போனார்கள். கோளாறு பிங்கில் இல்லை, துண்டுகளை ஒட்டுகிற இடத்தில் இருந்தது. டிசிபி, யுடிபி என்று வேறு எந்த நெறிமுறையை வைத்தும் அதே அடியை அடிக்கலாம். உண்மையான மருந்து, ஒட்டுமுன் கூட்டிப் பார்க்கிற ஒரு சோதனை. ஒண்ணாங்கிளாஸ் கணக்கு.

அதோடு திருந்தினார்களா? 2018இல் ஆப்பிள் கர்னல் ஐசிஎம்பி பிழைச்செய்தி தயாரிக்கப் போய் நினைவகத்தை வழியவிட்டது. 2020 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஐபிவி6 வழியாக வந்தது வினை: ரவுட்டர் அறிவிப்பின் ஒரு பகுதியில் நீளம் ஒற்றைப்படை எண்ணாகவே இருக்கவேண்டும் என்பது விதி. இரட்டைப்படை எண் போட்டு அனுப்பினார்கள். நீலத்திரை.