இந்த வாரத் தலைப்பு: சிவப்பு

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் சவால் சாரிடம் கடன் கேட்டால் உடனே கிடைக்கும். என்ன கேட்கிறோம் என்பதே அவர் காதில் விழாது. அந்த நேரத்தில்தான் அவருடைய புகைப்பட வாட்ஸ்அப் குழுவில் வாரத் தலைப்பு வரும். 'ஜன்னல்', 'வட்டம்', 'நிழல்' என்று ஒற்றைச் சொல். ஞாயிறு ராத்திரிக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரு படம் எடுத்துப் போட வேண்டும். ஜெயித்தால் பரிசு என்று எதுவும் கிடையாது. ஒரு கோப்பைப் படம், நாலு கைதட்டல் பொம்மை, "அருமை நண்பரே" என்று முகம் தெரியாத நண்பர் ஒருவரின் வாழ்த்து. அவ்வளவுதான்.

ஆள் கள்ளக்குறிச்சிக்காரர், மாதச் சம்பளக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். பெயர் ஒன்று இருக்கிறது; அது ரேஷன் கார்டோடு சரி, ஊருக்கு அவர் 'சவால் சார்'. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் மணமேடையைப் பார்க்க, பந்தியில் தனியாக உட்கார்ந்து வாழை இலையின் நரம்பைப் படம் எடுத்துக்கொண்டிருப்பாரே, அவரேதான்.

வியாதி பழசு. 2007-லேயே 'தமிழில் புகைப்படக்கலை' என்று சிலர் இணையத்தில் கூடி, மாதம் ஒரு தலைப்பு கொடுத்துப் போட்டி நடத்தினார்கள். தமிழிலேயே பாடமும் எடுத்தார்கள். சாருக்குத் தொற்றியது அங்கேதான். அப்போது மாதம் ஒருமுறை வந்துபோன காய்ச்சல், இப்போது வாரம் தவறாமல் வருகிறது.

போன கோடையில் 'பிரதிபலிப்பு' என்று தலைப்பு வந்தது. கோமுகி அணையில் தண்ணீர் எங்கோ அடியில் கிடந்தது. சார் அசரவில்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கி பஸ் ஸ்டாண்ட் தரையில் ஊற்றி, சொந்தமாக ஒரு குட்டை உண்டாக்கி, அதன் கரையில் குப்புறப் படுத்துவிட்டார். பஸ் வந்து நின்றால் குட்டையில் தெரியும் என்பது கணக்கு. பஸ் வருவதற்குள் கூட்டம் வந்துவிட்டது. ஒருவர் சோடாவுக்கு ஓட, இன்னொருவர் வலிப்பு என்று நினைத்து சாரின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்று இவர் முனக, "பாவம், கண்ணு இருட்டுது போல" என்று கூட்டம் இன்னும் நெருங்கியது.

'சிவப்பு' வாரத்தில் என் போதாத காலம், ஞாயிறு காலை பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன். மடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி கொடுக்கப்பட்டது. எதற்கென்று கேட்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, கல்வராயன் மலைப் பாதையில் ஏறினோம். ராத்திரி மழை. மலை முழுக்கக் கழுவிவிட்ட மாதிரி பச்சை. மரவள்ளிக் காட்டின் மேல் மேகம் இறங்கி நின்றது. ஒரு வளைவில், நடுரோட்டில், தோகையை முழுசாக விரித்துக்கொண்டு ஒரு மயில்.

"சார், சார்!" என்றேன்.

"பார்த்தேன் தம்பி. இந்த வாரம் நீலம் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஹாரன் அடித்து மயிலை ஓரங்கட்டினார்.

கரியாலூர் பக்கம் ஒரு வீட்டு வாசலில் முறத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பிரேக் போட்ட வேகத்தில் வாளி என் விலாவில் இறங்கியது. திண்ணையில் இருந்த பாட்டியிடம், மிளகாய்க்குப் பக்கத்தில் உட்கார முடியுமா என்று சார் பணிவாகக் கேட்டார். பாட்டி எழுந்து, தலையை ஒதுக்கி, தானாகவே வெளிச்சம் விழும் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எங்க பாக்கணும் சாமி? போன மாசம் வந்தவரு தூரமா மலையப் பாக்கச் சொன்னாரு. அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்து கையை மட்டும் புடிச்சிட்டுப் போச்சு. சிரிக்கணுமா, சோகமா?"

'சுருக்கங்கள்', 'உழைக்கும் கைகள்', 'முதுமை' என்று எல்லாத் தலைப்புக்கும் பாட்டி உட்கார்ந்தாயிற்று. எடுத்த படத்தை சார் காட்டியபோது ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மொளகா நல்லா வந்திருக்கு" என்றார். தன் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சாருக்கு மிளகாயில் மனசு நிறையவில்லை. குழுவில் பாதிப் பேர் மிளகாய்தான் போடுவார்கள். அருவியில்தான் சிவப்பு வேண்டும், அதற்குத்தான் வாளி. பெரியார் அருவியில் பாறை மேல் அதை வைத்தார். அருவி நீர் பாலாகவும் பஞ்சாகவும் தெரிய வேண்டுமானால் கேமராவின் கண் அரை வினாடி, ஒரு வினாடி திறந்திருக்க வேண்டும். பகலில் அப்படித் திறந்தால் படம் வெளுத்துப்போகும். அதைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி விலை அதிகம். எனவே சார், வெல்டிங் பட்டறையில் சொற்ப விலைக்கு வாங்கிய கண்ணாடியை லென்சுக்கு முன்னால் ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார். மூன்று கால் ஸ்டாண்ட் வீட்டிலேயே தங்கிவிட்டது. என் தோள் ஸ்டாண்ட் ஆனது. "மூச்சு விடாத தம்பி." விடவில்லை. பதினாறு முறை விடவில்லை.

வெல்டிங் கண்ணாடி பச்சை. அது வழியாகப் பார்த்தால் உலகமே பச்சை. வெள்ளை அருவி புதினாச் சட்னியாக வழிந்தது. சிவப்பு வாளி? பச்சைக்குள் சிவப்பு எங்கே பிழைக்கும். மண் நிறத்தில் ஏதோ ஒரு பாத்திரம் கிடந்தது. சார் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழிக்க வேணாம். என்னைக்காவது 'மண்'ணுன்னு தலைப்பு வரும்" என்றார். வாளிதான் திரும்பவில்லை, அருவி கொண்டுபோயிற்று. அவர் வீட்டம்மா இன்னும் என்னைத்தான் சந்தேகப்படுகிறார்.

இப்படிப்பட்டவரோடு ஏன் போகிறேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அப்போது போனில் ஊர்ப் பெயரைத் தட்டினால் ஆஸ்பத்திரி வாசலும் அழுத முகங்களும்தான் வந்தன. வெளியூரில் 'எந்த ஊர்' என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்கினோம். அந்த வாரம் சார் தலைப்பையே திறக்கவில்லை. அடுத்த வாரம் டீக்கடையில் சொன்னார்: "பேரைத் தட்டினா நடுவுல ஒரு அருவியாவது வரணும் தம்பி." அன்றிலிருந்து அவருடைய படம் ஒவ்வொன்றின் குறிப்பும் 'கள்ளக்குறிச்சி' என்றுதான் தொடங்குகிறது. 'கள்ளக்குறிச்சி, ஜன்னலோரம் ஓர் இட்லி' உட்பட.

இதில் எல்லைத் தகராறும் உண்டு. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதும், அதற்கு முன் எடுத்த படங்களின் குறிப்புகளையெல்லாம் உட்கார்ந்து திருத்தினார். மலையின் மேற்குப் பக்கம் கருமந்துறை சேலம் மாவட்டம். அங்கே மேகம் எவ்வளவு அழகாக இறங்கினாலும் லென்ஸ் மூடியைத் திறக்க மாட்டார். "அது அவங்க மேகம்" என்பார்.

இந்த வாரத் தலைப்பு 'காத்திருப்பு'. ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் ஒருவர் குப்புறக் கிடப்பதைப் பார்த்தால் தயவுசெய்து 108-ஐக் கூப்பிட வேண்டாம். வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், போதும்.