மாமன் யூனிட்டில் கோடை முகாம்

ஏப்ரல் முடியுமுன் சென்னையில் பிளெக்ஸ் தொங்கிவிடும்: 'குட்டி டாக்டர்', 'இளம் சி.இ.ஓ.', 'வருங்கால விஞ்ஞானி'. பள்ளி மாணவர்களுக்குக் கோடைத் தொழில் அறிமுக முகாமாம். ஏசி அறை, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். பிள்ளை நாடி பார்த்த நேரத்தைவிட போட்டோவுக்கு நின்ற நேரம்தான் அதிகம். கடைசி நாள் சான்றிதழ். அன்று ராத்திரியே அப்பாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'டாக்டர் ஆன் தி வே'. வழியில் நீட் என்று ஒன்று நிற்கிறதே என்று யாரும் கேட்பதில்லை. அதற்கும் முகாம் நடத்தும் அதே ஆட்கள் மேல்மாடியில் கோச்சிங் வைத்திருக்கிறார்கள்.

பெற்றோர் காசு, அவர்கள் ஏமாறட்டும். என் வயிற்றெரிச்சல் வேறு. இதே மே மாதம் திருப்பூரிலும் ஒரு முகாம் நடக்கிறது. அதற்கு பிளெக்ஸ் கிடையாது. எட்டாம் வகுப்பு முடித்த 13 வயதுப் பையன், ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றில் பனியன் குவியலுக்கு நடுவே சம்மணம் போட்டுப் பிசிறு வெட்டுகிறான். தலைக்கு மேல் தகரம். வெட்ட வெட்டப் பஞ்சு மூக்கில் ஏறுகிறது. இந்த முகாமில் கட்டணம் இல்லை, வாரக்கூலி. சனிக்கிழமை அது அம்மா கைக்குப் போய்விடும்.

கூலிக்கு வைத்தால் சட்டவிரோதம்தான், ஆனாலும் பதறாதீர்கள். நம் நாடாளுமன்றம் கருணைக் கடல். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது, 14 வயதுக்குள் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஒரு கையால் எழுதியது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் 'உதவலாம்' என்று மறு கையால் எழுதியது. குடும்பம் என்றால் அப்பா, அம்மா மட்டுமா? சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, மாமா அத்தனை பேரும் அதில் அடக்கம். தமிழ்நாட்டில் மாமன் கிடைக்காத பிள்ளை உண்டா? ஆய்வாளர் வருகிறார். "ஏந் தம்பி, இது யாரோட யூனிட்டு?" "எங்க மாமனோடதுங்க சார்." "சரி, வெயில் ஜாஸ்தி. தண்ணி குடிச்சுக்கோ." ஆய்வு முடிந்தது.

இந்தக் கதையை முன்பும் பார்த்திருக்கிறோம். 1953-இல் முதல்வர் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகச் சொன்னார். குலக்கல்வி என்று தமிழகம் தெருவில் இறங்கியது. 1954-இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இன்றைக்கும் மேடைதோறும் அந்தப் பெருமைதான். ஆனால் அதே சரக்கு கோடை விடுமுறை என்ற பின்வாசல் வழியாக வந்தபோது, மேடையில் இருந்தவர்களும் கீழே இருந்த நாமும் கொட்டாவிதான் விட்டோம்.

முகாம்காரர்களுக்கு ஒரு வியாபார யோசனை, இலவசம். அடுத்த மே மாதம் 'ஆயத்த ஆடைத் துறை அறிமுகம்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டி டாக்டர்களை இரண்டு வாரம் அந்தத் தகரத்துக்குக் கீழே பிசிறு வெட்ட உட்கார வையுங்கள். சான்றிதழில் மாமனே கையெழுத்துப் போடட்டும். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் குழந்தைகள் உரிமை ஆணையத்தில் புகார் போய்ச் சேர்ந்திருக்கும். ராத்திரி டிவியில் விவாதம். மழைக்காலக் கூட்டத்தொடரிலேயே சட்டமும் திருந்திவிடும்.