பால்ரஸ் இயல்: பாயிரமும் சிறிது உரையும்

பாயிரத்துக்கு எட்டு உறுப்பு வேண்டும் என்பது நன்னூலார் விதி. அவ்விதி இந்நூலுக்கும் பொருந்தும். எல்லை: சைக்கிளின் முன் ஹப்பும் பின் ஹப்பும். நுதலிய பொருள்: தேய்ந்த பால்ரஸைக் கழற்றிப் புதியது போடுதல். வழி: சைக்கிள் கடை அண்ணன்மார் வாய்மொழி. கேட்போர்: சக்கரம் கடகடவென்று முறையிட்ட பிறகும் தீபாவளி வரை தள்ளிப்போட்டவர். பயன்: சத்தம் நிற்றல். எஞ்சிய மூன்றையும் கற்றோர் வருவித்துக்கொள்க.

முதற்கண் எண். பழைய கறுப்பு வண்டிகளில் முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 குண்டு, ஒவ்வொன்றும் 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, ஒவ்வொன்றும் கால் அங்குலம். ஆக 38. பால்காரர், அவருடைய கேன்கள், வழியில் ஏறிக்கொண்ட மைத்துனர் ஆகிய எல்லோரும் இந்த 38-இன் மேல்தான் போகிறார்கள். உண்மையில் 38-உம் ஒருசேரப் பாரம் தாங்குவதில்லை. எந்த நேரத்திலும் கீழ்ப்பக்கம் இருக்கும் சில குண்டுகளே தாங்கும், மற்றவை தம் முறைக்காகச் சுற்றிவந்துகொண்டிருக்கும். இதை அரசு அலுவலகத்தோடு ஒப்பிடுவது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

குண்டுகள் உட்காரும் கிண்ணமாகிய கப்பில் அவற்றை அடுக்கி முடித்ததும் சிறிது இடம் மிஞ்ச வேண்டும். 'அவ்விடத்தில் இன்னொன்றையும் திணித்தால் வலுக் கூடாதோ?' எனின், கூடாது. அடுத்தடுத்த இரு குண்டுகளும் ஒரே திசையில் உருளும்போது, அவை தொட்டுக்கொள்ளும் முகங்கள் எதிரெதிராக ஓடும். நெருக்கினால் ஒன்றையொன்று தேய்த்துத் தின்னும். காலி இடம் பிழையன்று, உறுப்பு என்க.

இனி, பிறர் மதம் மறுத்தல். இத்துறையில் மூன்று மதத்தார் உளர்.

எண்ணெய் மதத்தார், ஹப்பின் நடுவிலுள்ள துளையில் நாலு சொட்டு விட்டால் எல்லாம் சரியாகும் என்பர். அத்துளை எண்ணெய்க்கென்றே விட்டது, அதை மறுக்கவில்லை. ஆயினும் எஃகில் விழுந்த குழியை எண்ணெய் தூர்த்ததாகச் சான்று இல்லை.

அடுத்தவர் சிக்கன மதத்தார். "நல்லா இருக்கிறதை விட்டுட்டு, தேஞ்சதை மட்டும் மாத்துங்கண்ணே" என்பது இவர்களின் மூல வாக்கியம். இதை மறுக்கச் சற்று வரலாறு வேண்டும். பாரிஸ் நகரத்து ஜூல் சூரிரே சைக்கிளுக்குக் குண்டு போடும் முறைக்கு 1869-இல் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே ஜேம்ஸ் மூர் அத்தகைய வண்டியை மிதித்து, பாரிஸிலிருந்து ரூவான் வரையான பந்தயத்தில் வென்றார். ஆனால் குண்டுகளை ஒரே அளவில் ஏராளமாக உருட்டி எடுப்பது அன்று பெரும்பாடு. அந்தப் பாட்டைத் தீர்த்தது ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃபிரெட்ரிக் ஃபிஷர் 1883-இல் செய்த சாணை எந்திரம். ஒரே அளவு என்பதுதான் பால்ரஸின் உயிர். தேய்ந்தவற்றுக்கு நடுவே புதிதாக ஒன்றைப் போட்டால், மயிரிழை பெரிதான அந்த ஒன்றே முழுப் பாரத்தையும் ஏற்று முதலில் உடையும். எனவே சிக்கன மதத்தார் நம்மை 1882-க்கு அழைத்துச் செல்கிறார்கள். மாற்றினால் முழு செட்டையும் மாற்றுக.

மூன்றாமவர், குண்டு அனைத்தையும் மாற்றிக் கோனை மட்டும் பழையபடியே விடுபவர். இவர்களே பெரும்பான்மையோர், இந்நூல் எழுந்ததும் இவர்களை நோக்கியே.

குண்டுகளை உட்புறமிருந்து தாங்கும் கோன் சுற்றுவதில்லை. ஆக்சிலில் மரை ஏறி, வண்டி எங்கே போனாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கப் சக்கரத்தோடு சுற்றுவதால் அடியைத் தன் வட்டம் முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும். குண்டுகளும் உருண்டு உருண்டு பங்கிட்டுக்கொள்ளும். கோனுக்கு மட்டும் எல்லா அடியும் அதே கீழ்ப்பக்கத்தில்தான். ஆகவே ஹப்பில் முதலில் கெடுவது பெரும்பாலும், அசையாமல் அமர்ந்திருக்கும் கோனே.

சோதிக்கும் முறை: கோனை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கவும். குண்டு ஓடிய தடம் பளபளப்பான கோடாகத் தெரியும். பால்பாயிண்ட் பேனா முனையை அக்கோட்டின்மேல் மெல்ல ஓட்டவும். வழுக்கிக்கொண்டு போனால் வாழ்க. ஓரிடத்தில் தடுக்கினால் அங்கே குழி, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குழிதான். இந்நிலையிலும் வண்டிக்காரர் கேட்பார்: "கோன் நல்லாத்தானே இருக்கு?" அதற்கு அண்ணன் சொல்லும் விடை: "நல்லா இருந்தா நீ எதுக்குத் தம்பி இங்க வந்தே?"

கோனைத் திருப்பி, குழி மேல்பக்கம் வரும்படி போடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. சத்தம் கொஞ்ச நாள் அடங்கும். இது திருத்தமன்று, இடமாற்றம். அலுவலகத்தைப் பற்றி மேலே கூறிய விலக்கு இங்கும் பொருந்தும். கப்பிலும் குழி விழும்வரை பொறுத்திருந்தவர் ஹப்பையே மாற்ற நேரும். பின் சக்கரமாயின் 40 போக்ஸ் கம்பியையும் அவிழ்த்து மறுபடி பின்ன வேண்டும். சிக்கனம் அங்கே முடிவடையும்.

பூட்டும்போது கப்பில் தாராளமாகக் கிரீஸ் அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கவும். கிரீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். கீழே விழுந்த குண்டைத் தேடலாம். அது சாக்கடையை நோக்கியே உருளும் என்பது இத்துறையின் துணிபு. கோனைக் கையால் முட்டும்வரை திருகி, சிறிது பின்வாங்கவும். லாக் நட்டை முறுக்கும்போது கோன் இன்னும் கொஞ்சம் இறுகும். அதற்கு இடம் விடாதவர் மூன்று முறை கழற்றுவார். சரியாக அமைந்ததா என்று அறிய, சக்கரத்தைத் தூக்கி, காற்றடிக்கும் மவுத்து பக்கவாட்டில் இருக்கும்படி நிறுத்திக் கையை எடுங்கள். அந்த மவுத்தின் சிறு எடைக்கே சக்கரம் இசைந்து, தானாகத் திரும்பி, மவுத்து அடிப்பக்கம் வந்து நிற்க வேண்டும். பிறகு ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரியக் கூடாது. இவ்விரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிது, வாய்த்தால் உடனே ஸ்பானரைக் கீழே வைத்துவிடுக.

புதுக் குண்டும் புதுக் கோனும் கொஞ்ச தூரம் ஓடித்தான் பொருந்தும். எனவே ஒரு வாரம் ஓட்டிவிட்டு வண்டியைக் கடைக்கு மறுபடி கொண்டுபோய்க் கோனைப் பார்த்து, தேவையானால் கால் திருகல் இறுக்கச் சொல்லுங்கள். அந்தக் கால் திருகலுக்குக் காசு கேட்டால் கடையை மாற்றுங்கள்.