முகாமுக்கு மாடு தெரிதல்: கரைவாகுப்பற்றுச் சம்பிரதாயம் பற்றி ஓர் ஆராய்ச்சி

கால்நடை வைத்தியர் ஊருக்குள் பயிற்சி முகாம் வைக்கும்போது, "செய்து காட்ட ஒரு மாடு கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எந்த மாடு என்று சொல்வதில்லை. அந்த ஒரு சொல் விடுபட்டதால் கிழக்கிலங்கையின் கரைவாகுப்பற்றுப் பக்கம், கல்முனைக்குடியிலும் நிந்தவூரிலும் எத்தனை வீட்டில் இரவுச் சோறு ஆறிப்போகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இது ஆராய்ச்சிக்குரிய விடயம்தான் என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

மிருகம் தெரிந்தெடுக்கும் இத்துறையின் மூல நூல்கள் மாட்டைப் பற்றியவை அல்ல, குதிரையைப் பற்றியவை. கிரேக்கத்துச் செனபோன் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே, குதிரை வாங்கப் போகிறவன் முகத்தைப் பார்த்து மயங்காமல் முதலில் குளம்பைப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்தார். நமக்குக் கிட்டிய சான்று கடலுக்கு அக்கரையில், பாண்டிநாட்டில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாததையும் சொல்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. குதிரை விற்ற வணிகர்களே குதிரை வைத்தியர்களை அந்த நாட்டுக்குப் போகவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். பாரசீகத்து வஸ்ஸாப் எழுதியபடி ஒரு குதிரையின் விலை 220 தீனார் என்றால், ஒரு பயிற்சி முகாம் நடக்காமல் இருப்பதன் சந்தை மதிப்பைக் கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

நம் கரையில் குதிரை இல்லை. பார்க்க வேண்டுமென்றால் நெடுந்தீவுக்குப் போக வேண்டும். ஆனாலும் ஓதப்பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் ஆதியாத் சூரா பாடம். மூச்சிரைக்க ஓடுகிற குதிரைகளும், குளம்படியில் தெறிக்கும் நெருப்பும், விடியற்காலைப் புழுதியும் பதினொரு ஆயத்துக்குள் வந்துவிடுகின்றன. குதிரையைக் கண்ணால் காணாமலே குதிரையைத் தெரிந்தவர்கள் நாங்கள். மாட்டின் கதை தலைகீழ். தினமும் கண்ணால் காண்கிறோம்.

"எந்த மாடு?" என்ற கேள்விக்கோ குர்ஆனிலேயே பெயர்போன வரலாறு உண்டு. பகரா சூராவில், ஒரு மாட்டை அறுக்கச் சொன்னபோது மூஸா நபியின் சமூகத்தார் உடனே ஒன்றைப் பிடித்து அறுத்திருக்கலாம். வயது என்ன, நிறம் என்ன, இன்னும் விளக்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக் கேட்டுத் தங்களுக்குத் தாங்களே வட்டத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். கடைசியில் கிழடும் இல்லாத கன்றும் இல்லாத, பார்ப்பவர் கண் குளிரும் மஞ்சள் நிறத்து, உழவுக்கும் நீர் இறைப்புக்கும் பழக்காத, மறு ஒன்றும் இல்லாத மாட்டைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. கல்முனைக்குடியில் இந்தக் கதை தெரியாதவர் இல்லை. அப்படியும் முகாமுக்கு முதல்நாள் இரவு திண்ணையில் எழுவது இதே கேள்விதான்.

திண்ணையில் மூன்று கட்சி. பெரிய கட்சி குர்பான் கட்சி. கண் குருடோ கால் நொண்டியோ நோயோ எலும்பும் தோலுமோ இருக்கக் கூடாது என்று ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் படித்த நிபந்தனைகளை இவர்கள் முகாமுக்கும் நீட்டுகிறார்கள். நாலு பேர் பார்க்கப் போகிற மாடல்லவா. ஆகவே வீட்டில் உள்ளதிலேயே அழகானதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொம்புக்கு எண்ணெய் தடவிக் கொண்டுபோகிறார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்று வீட்டில் உம்மாமார் முணுமுணுப்பது தனி.

அங்கே வைத்தியர் எடுப்பது நாலு குழி உள்ள ஒரு தட்டு. ஒவ்வொரு காம்பிலிருந்தும் ஒரு குழியில் கொஞ்சம் பால் பீச்சி, சம அளவு ஊதா மருந்து விட்டு, வட்டமாக ஆட்டுகிறார். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். மடிக்குள் நோய் தொடங்கியிருந்தால் சளிபோலக் கட்டும். வீக்கமோ காய்ச்சலோ வெளியே தெரியாத நேரத்தில் பிடிக்கத்தான் இந்தத் தட்டு. நான் பார்த்த ஒரு முகாமில், கொம்புக்கு எண்ணெய் போட்ட மாட்டின் வலது பின்காம்புப் பால் இழுத்தால் நூலாக வந்தது.

"மருந்து பழசாகி இரிக்கும் டொக்டர்," என்றார் மாட்டுக்காரர்.

"மத்த மூணு காம்புக்கும் இதே மருந்துதான் நானா," என்றார் வைத்தியர்.

இரண்டாவது கட்சி வருத்தக்கார மாட்டைக் கொண்டுபோகும் கட்சி. வைத்தியர் சும்மா வருகிறார், மருந்து சும்மா கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மற்றவர்களுடைய மாடுகளும் வந்து நிற்கும் இடத்துக்குக் கால்வாய் நோய் மாட்டைக் கூட்டிவருவது நியாயத்தில் சேராது. வைத்தியர் தெருவிலேயே மறித்துத் திருப்பி அனுப்புவார்.

மூன்றாவதான சாதுக் கட்சியினர் ஆபத்தில்லாத மாட்டைத் தேடுகிறார்கள். இங்கேதான் பழைய சாஸ்திரம் உதவிக்கு வருகிறது. குதிரைக்கும் மாட்டுக்கும் சுழி பார்க்கும் வழக்கம் தமிழில் நெடுங்காலமாக உண்டு. எங்கள் மூத்தாப்பாமார் நெற்றிச் சுழியில் வீட்டுக்கு வரும் பரக்கத்தைப் பார்த்தார்கள். 1995இல் அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டினும் கூட்டாளிகளும் அதே நெற்றிச் சுழியில் குணத்தைப் பார்த்தார்கள். சுழி கண் மட்டத்துக்கு மேலே இருக்கும் மாடுகள், பிடித்து நிறுத்தும்போது கூடுதலாகத் துள்ளுகின்றன என்பது அவர்கள் முடிவு. மூத்தாப்பா சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறார். கேட்ட கேள்வி மட்டும் வேறு.

சாதுக் கட்சியிடம் ஒரு குறை உண்டு. முகாமில் படிக்க வருவது மாடு இல்லை, மாட்டுக்காரர். பிடித்து நிறுத்தும் வித்தையைச் சொல்லிக்கொடுக்கும்போது மாடு தூங்கிக்கொண்டு நின்றால் அவர் படிப்பது ஒன்றுமில்லை. வைத்தியருக்கு வேண்டியது நடுத்தரமான ஒன்று, கொஞ்சம் கால் தூக்கும், தெரியாதவன் தொட்டால் தலையை ஆட்டும், வீட்டில் யாரும் பெயர் சொல்லிப் பேசாத மாடு. அதை எந்தக் கட்சியும் முன்மொழிவதில்லை.

நடைமுறையில் பெரும்பாலும் மூன்று கட்சியும் தோற்றுவிடுகின்றன. நல்ல மாடுகளில் பாதி பட்டியில், பட்டிக்காரன் பொறுப்பில் தூரத்து மேய்ச்சலில் நிற்கின்றன. போடியாருக்குத் தன் மாட்டைக் குறிசுட்ட அடையாளத்தில்தான் தெரியும், முகத்தில் தெரியாது. வண்டியில் ஏற்றிவரலாமென்றால் மாடு ஏற்ற அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அதற்குள் முகாம் முடிந்து வைத்தியர் தேத்தண்ணியும் குடித்திருப்பார். ஆகவே திண்ணை விவாதம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், விடிந்ததும் போவது முகாமுக்குப் பக்கத்து வளவில் கட்டி நிற்கும் மாடுதான்.

அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. நாட்டு மாடு கன்று முட்டாமல் பால் இறக்காது, பால் இறங்காவிட்டால் நாலு குழித் தட்டுக்கு வேலையில்லை. இதைத் திண்ணையில் யாரும் எழுப்புவதில்லை. ஒருமுறை கயிற்றை அவிழ்க்கப் போனபோது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து வீட்டுக்காரப் பெண்தான் சொன்னார்: "கண்டையும் சேத்துக் கொண்டு போங்க. பின்னேரப் பாலுக்கு முந்தி ரெண்டும் வளவுக்க நிக்கணும்."