“தம்பி, அர்ஜென்ட்டு!” – ஆனைமலை வட்டாரச் சிறு ஏஜென்சிகளின் இணையவழி ஆள் தேடல் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆனைமலை வட்டாரத்தில் விளம்பர வேலை எடுத்துச் செய்யும் சிறு ஏஜென்சிகள், வேலை கழுத்துக்கு மேல் போன பிறகே இணையத்தில் ஃப்ரீலான்ஸ் ஆள் தேடுகின்றன. கிடைத்த ஆளுக்கு வேலையை விளக்கும் நேரத்தில் அதைத் தாமே முடித்திருக்கலாம் என்று உணர்கின்றன. உணர்ந்த பிறகும் அடுத்த மாதம் அதையே செய்கின்றன. இது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி அளிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆய்வுக் களம்

பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே ஆழியாறு பாயும் ஊர் ஆனைமலை. சுற்றிலும் தென்னந்தோப்பு, இடையிடையே நார் மில்கள். டாப்சிலிப்புக்குப் போகிறவர்களும் மாசாணியம்மனைக் கும்பிட வருகிறவர்களும் ஊரை ஓயவிடுவதில்லை. ஆகவே நார் கம்பெனிக்கு ஏற்றுமதி வெப்சைட், தோப்புக்குள் கட்டிய தங்கும் விடுதிக்கு ரீல்ஸ், முகூர்த்த மாதத்தில் மண்டபத்துக்கு நோட்டீஸ், தை மாதக் குண்டம் திருவிழாவுக்கு ஃபிளெக்ஸ் என்று வேலை வந்துகொண்டே இருக்கும்.

இவ்வாய்வில் ‘ஏஜென்சி’ எனப்படுவது கடைவீதி மாடியில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு யூபிஎஸ், ஓனர், ஓனருடைய மச்சினன் ஆகியவை சேர்ந்த அமைப்பு. இவற்றில் யூபிஎஸ் மட்டும் சில சமயம் ஓய்வெடுக்கும்.

முன்னோர் முடிபுகள்

1937இல் ரொனால்ட் கோஸ் என்ற இங்கிலாந்துப் பொருளியலாளர், கம்பெனி என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்று கேட்டார். ஒவ்வொரு வேலைக்கும் வெளியில் ஆள் தேடி, விலை பேசி, ஒப்பந்தம் போடுவதற்கே தனிச் செலவாகிறது. அந்தச் செலவுக்கு அஞ்சித்தான் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறோம் என்பது அவருடைய விடை. 1991இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மச்சினனை ஏன் வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு இதைவிடக் கௌரவமான பதில் இதுவரை அகப்படவில்லை.

1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் வியாபாரத்தை எடுத்துக்கொண்டார். வண்டியின் குறை விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. பயத்தில் அவன் எல்லா வண்டிக்கும் குறைத்தே கேட்பான். நல்ல வண்டி வைத்திருக்கிறவன் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். இவருக்கும் 2001இல் நோபல். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் இந்தச் சிக்கலுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே வழி கண்டிருந்தார்கள்: பல்லைப் பிடித்துப் பார்ப்பது, நடக்கவிட்டுப் பார்ப்பது, பிறகு துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசுவது. இணையச் சந்தையில் துண்டு இருக்கிறது, பல் மட்டும் தெரிவதில்லை. போர்ட்ஃபோலியோ என்ற பெயரில் காட்டப்படுவது சில நேரம் பக்கத்து மாட்டின் பல்லாகவும் இருந்துவிடுகிறது.

அந்த இணையச் சந்தையின் வரலாறு சுருக்கமானது. 1999இல் எலான்ஸ், 2003இல் ஓடெஸ்க் தோன்றின. இரண்டும் இணைந்து 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாற்றிக்கொண்டன. 2010இல் இஸ்ரேலில் பிறந்த ஃபைவர், எந்த வேலையும் 5 டாலர் என்று கடை விரித்தது. வேலை கொடுப்பவரின் பணத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் செய்தவருக்கு விடுவிப்பதே இவற்றின் அடிப்படை ஏற்பாடு. தரகு எடுத்துக்கொள்வதும் உண்டு.

நட்சத்திர மதிப்பெண்ணும் உண்டு. அதை நம்பலாமா என்று எம்.ஐ.டி.யின் ஜான் ஹார்ட்டன் உள்ளிட்டோர் ஓர் இணைய வேலைச் சந்தையின் பல ஆண்டு மதிப்பெண்களை ஆராய்ந்தனர். வேலையின் தரம் ஏறியதைக் காட்டிலும் நட்சத்திரம் வேகமாக ஏறியிருந்தது. நாலு நட்சத்திரம் போட்டால் பிழைப்பில் மண்ணைப் போட்டதுபோல் ஆகிவிடும் என்று எல்லாரும் அஞ்சைப் போட்டுவிடுகிறார்கள். மொய் எழுதிப் பழகிய கொங்கு மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கண்டறிந்தவை

முதலாவது, வேலை விவரம். இரவு பதினொரு மணிக்கு ஓனரிடமிருந்து ஈரோட்டுத் தம்பி ஒருவருக்குப் போன வாட்ஸ்அப் செய்தியை மூலபாடமாகக் கொள்வோம்:

“தம்பி, அர்ஜென்ட்டு. நார் கம்பெனி போஸ்டர். சிம்பிளா இருக்கோணும், ஆனா கிராண்டாத் தெரியோணும். கலரு பார்ட்டி சொல்லுவாரு.”

பதில்: “சரிங்ணா, பண்ணிர்லாங்ணா.”

போஸ்டரின் அளவு என்ன, தமிழா ஆங்கிலமா, எத்தனை மணிக்கு வேண்டும், எவ்வளவு தருவார் என்ற நான்கும் மூலபாடத்தில் இல்லை. நச்சினார்க்கினியரே வந்து உரை எழுதினாலும் இதிலிருந்து போஸ்டரின் நீள அகலத்தை வருவிக்க முடியாது. ஆனாலும் தம்பி அதைக் கேட்கவில்லை, அண்ணன் சொல்லவில்லை. இருவருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

இரண்டாவது, ஆள் வகை. எதைக் கேட்டாலும் ‘ஆச்சு’ என்பவர் உடனடியர். வேலை வேறு, அவர் வேறு. ஐந்து நட்சத்திரமும் அழகான ஆங்கிலமும் கொண்டவர் நட்சத்திரர். வேலையைச் செய்வது அவருக்குக் கீழே உள்ள இன்னொருவர், அவர் யாரென்று நட்சத்திரருக்கே சரியாகத் தெரியாது. பாதிப் பணம் வாங்கியதும் ‘லாஸ்ட் சீன்’ மறைந்துபோகிறவர் மாயாவி. நான்காவது வகையினர் சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்கிறவர்கள். இவர்கள் இருப்பது உண்மை. ஆனால் இவர்களுடைய நம்பரை எந்த ஏஜென்சியும் இன்னோர் ஏஜென்சிக்குத் தருவதில்லை. இதனாலேயே இவ்வினம் அருகிவருவதாகத் தோன்றுகிறது.

மூன்றாவது, எழுத்து. விலை மலிவு என்று வெளிநாட்டு டிசைனர் ஒருவரிடம் கொடுத்தால் படம் பிரமாதமாக வரும். தமிழ் மட்டும் உடைந்து வரும். இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் திறந்துவைக்காத பழைய டிசைன் மென்பொருளில் யூனிகோட் தமிழை ஒட்டினால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பின்னால் போய் நிற்கும். ‘கோவை’யின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். டிசைனருக்கு அது உடைந்தது என்றே தெரியாது. அவர் கண்ணுக்கு எல்லாமே கோலம். ‘பாமினி’யில் அடித்து அனுப்பலாம் என்றால் அந்த எழுத்துரு அவரிடம் இல்லை, கிடைப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. கடைசியில் தமிழை மட்டும் மச்சினன் அமர்ந்து ஒட்டுகிறார். ஆக, வெளியே கொடுத்த வேலை சுற்றிவந்து மாடிக்கே வந்து சேர்கிறது.

நான்காவது, காலம். மென்பொருள் துறையின் ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் ஒரு விதி சொன்னார்: தாமதமாகிவிட்ட வேலையில் புதிதாக ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும். புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு இருக்கிற ஆளின் நேரம்தான் போகிறது என்பது காரணம். இதிலிருந்து பெறப்படும் ஆனைமலை விதி: விளக்கிச் சொல்ல நேரம் இருந்திருந்தால் ஆளே தேவைப்பட்டிருக்காது. சுருக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவே. வேலை இல்லாத ஆடி மாதத்தில் யாரும் ஆள் தேடுவதில்லை. குண்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தேடுகிறார்கள்.

தகராறும் தீர்வும்

தரகு எதற்குத் தர வேண்டும் என்று, அப்வொர்க்கில் பிடித்த ஆளை வாட்ஸ்அப்புக்கு இழுத்துவந்து ஜீபேயில் முன்பணம் போடுவது வட்டார வழக்கம். அது அந்தத் தளத்தின் விதிக்கே புறம்பு. ஆள் மாயாவியாகிவிட்டால் அங்கே முறையிடவும் முடியாது. மிஞ்சுவது மாசாணியம்மன்.

அம்மன் கோயிலில் நீதிக்கல் என்று ஒன்று உண்டு. ஏமாற்றப்பட்டவர்கள் மிளகாய் அரைத்து அதில் பூசி முறையிடுவார்கள். பரணர் குறுந்தொகையில் சொல்லும் நன்னன் என்ற மன்னனின் கதையை இவ்வூரார் இந்த அம்மனோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ஆற்றில் வந்த மாங்காயைத் தின்ற பெண்ணுக்கு அவன் மரண தண்டனை விதித்தான். ஈடாக 81 யானைகளும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தர வந்தும் ஏற்கவில்லை. சமரசம் தோற்ற இடத்தில் நீதி கேட்க ஒரு கல் நிற்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் கல் ஏஜென்சிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை ஆய்வாளர் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. “பார்ட்டிகிட்ட இருந்து வரலீங்க தம்பி, வந்தொடனே போட்டுடறேன்” என்ற வாக்கியத்தை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும் ஈரோட்டுத் தம்பியும் பஸ் ஏறி வரலாம். அவருக்கு வேறு வழியும் உண்டு. உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் செய்பவருக்கு, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. மிளகாயைவிட இது காரம்.

பரிந்துரைகள்

ஆடியிலேயே ஆள் பார்த்து வைக்கவும். முதலில் சின்ன வேலை ஒன்றைக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்கவும்; ஓசியில் சாம்பிள் கேட்பது நடக்கவிட்டுப் பார்ப்பதாகாது, ஏர் பூட்டி உழுதுவிடுவதாகும். அளவு, மொழி, நேரம், தொகை ஆகிய நான்கையும் ஒரே செய்தியில் எழுதவும். தமிழ் உள்ள வேலையைத் தமிழ் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுக்கவும். பெரிய தொகை என்றால் தரகை அழுதுவிட்டுத் தளத்தின் வழியாகவே கொடுக்கவும்.

இவற்றில் எதையும் செய்ய நேரமில்லாத ஓனர்கள் ஒன்றை மட்டுமாவது செய்யலாம். அடுத்த ஆளைத் தேடுவதற்கு முன், போன ஆளுக்கு வைத்திருக்கும் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். நான்காவது வகை ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிறீர்களே, அவர்கள் நேரத்துக்குப் பணம் தருகிறவர்களிடம் போயிருக்கிறார்கள்.